ஒன்பது லட்சம் சங்கிலிகள்

உலகச் செல்வ அளவைப் பேரவையின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. நாற்பத்தாறு பக்கக் கேள்விப் படிவத்தைத் தமிழாக்கச் சொல்லி, பக்கத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார்கள். ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் சொன்ன தேதியில் வந்து சேர்ந்தது. நான் செய்த தமிழ் செஞ்சியில் யாருக்கும் புரியாது என்பதால், அளக்கப் போகும்போது என்னையும் கூடவே வரச் சொன்னார்கள். அதற்குத் தனியாக பேட்டா.

பேரவையின் தலைமையகம் பனி பெய்கிற ஒரு நாட்டில், ஏரிக்கரையில் இருக்கிறதாம். உலகத்தில் மொத்தம் எவ்வளவு சொத்து இருக்கிறது, அதில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கடைசிப் பைசா வரை அளந்து ஆண்டுதோறும் அறிக்கை போடுவது அவர்களுடைய வேலை. முதல் ஆண்டே சிக்கல் வந்தது. பணக்காரர்கள் கேட்டைத் திறக்கவில்லை. ஏழைகளோ கூப்பிடுவதற்கு முன்பே கதவைத் திறந்து, பாய் போட்டு, தண்ணீரும் கொடுத்தார்கள். பேரவை பல நாள் கூடி ஆலோசித்து, திறந்திருக்கிற வீட்டில் அளப்பதே அறிவியல் என்று முடிவுக்கு வந்தது.

எல்லா வீட்டையும் அளந்து மாளாது. ஆகவே மாதிரி வீடு. ஒரு மாதிரி வீட்டில் என்ன இருக்கிறதோ, அதுவே அதைப் போன்ற ஒன்பது லட்சம் வீடுகளிலும் இருப்பதாகக் கொள்ளப்படும். செஞ்சிக்கு இரண்டு மாதிரி வீடுகள் ஒதுக்கினார்கள். பணக்காரர்களின் சார்பில், திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் கல்குவாரி முதலாளி ஆதிமூலத்தின் பங்களா. ஏழைகளின் சார்பில், செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்கு அந்தப்புறம் இருக்கும் காலனியில் மங்கையின் வீடு.

மங்கை மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்குகிறவள். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். கணவன் காமராஜ் அந்த ஆதிமூலத்தின் குவாரியில் இருபத்திரண்டு வருடம் கல் உடைத்தவன். குவாரித் தூசி முழுவதும் அவனுடைய நுரையீரலில் போய்ப் படிந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில், கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய், இதுதான் அவன் வாழ்க்கை. மகள் வெண்மதி திண்டிவனத்தில் காலேஜ் இரண்டாம் வருடம்.

மெஷினைக் கொடுத்தது பேரவையேதான். அதில் கருணைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அளவைப் பட்டியலில் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் மெஷின் இரவல் தருவார்கள். பட்டியலில் அதற்கு மேலே ஏறிவிட்டால் மெஷின் திரும்பிப் போய்விடும். மங்கைக்கு இந்த விதி தெரியும். ஆனால் அவள் பட்டியலில் ஏறுவாள் என்று அவளோ நானோ அந்தத் தெரு நாயோ கூட நினைத்ததில்லை.

வெளிநாட்டு ஆபீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் தெரு தன் வழக்கத்தைச் செய்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், மற்ற வீட்டுச் சாமான்களெல்லாம் அந்த வீட்டுக்கு நடந்து போய்விடும். ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டு மிக்ஸி, வேறொரு வீட்டுப் பித்தளைக் குடம். எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்வீட்டு ராஜாம்பாளின் அஞ்சு பவுன் சங்கிலி. மகன் சிங்கப்பூரில் வெல்டராக இருந்து வாங்கி அனுப்பியது. அந்தத் தெருவில் கல்யாணமான பதினோரு பெண்களின் கழுத்திலும் அது ஒருமுறை ஏறி இறங்கியிருக்கிறது. வந்தவர்கள் யாருடையது என்று கேட்டால் "எங்களுதுதான்" என்று சொல்லவேண்டும். கொடுத்தவள் வாசலிலேயே நிற்பாள். அவள் எதிரில் இரவல் என்று சொன்னால், கொடுத்ததைச் சொல்லிக்காட்ட வந்து நிற்கிறாள் என்று ஆகிவிடும். அது அவளுக்கு அவமானம். இது எழுதாத சட்டம், இதுவரை யாரும் மீறியதில்லை.

மண்டல இயக்குநர் டாக்டர் இராமச்சந்திரன் காரிலிருந்து இறங்கினார். கையில் கிருமிநாசினி பாட்டில். அவர் பின்னால் கணக்கெடுக்கும் பெண் ஷோபனா, கையில் டேப்லெட். செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துப் பெண், வாயில் பொய் வராத ஜாதி. இரவல் நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்தார். மங்கையின் கழுத்தில் சங்கிலி மின்னியது. வாசலில் ராஜாம்பாள், முகமெல்லாம் பெருமை.

"அக்கா, உங்ககிட்ட உல்லாசப் படகு இருக்குங்களா?" என்று ஷோபனா ஆரம்பித்தாள்.

"இன்னாதும்மா?"

"படகுக்கா. போட்டு."

"சங்கராபரணி ஆத்துல தண்ணியே இல்ல, படக வச்சிக்கினு இன்னா பண்றது?"

படிவத்தில் மூன்று விடைகள்தான் இருந்தன: உண்டு, தற்போது இல்லை, கூற விருப்பமில்லை. ஷோபனா "தற்போது இல்லை" என்பதைத் தொட்டாள்.

"ஓவியம், சிற்பம் மாதிரி கலைப்பொருள் எதுனா?"

கட்டிலிலிருந்து காமராஜ் கையை உயர்த்தினான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "தோ... ஜன்னல்ல... கோட்ட தெரியுது பாரு. அத எழுதிக்கம்மா."

தெரு சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "வரலாற்றுச் சின்னத்தை நோக்கிய ஜன்னல். இணைப்பு ஏழில் இருக்கிறது. நாற்பதாயிரம் போடுங்கள்" என்றார்.

அடுத்து மனித மூலதனம். ஒரு மனிதன் இன்னும் எத்தனை வருடம் உழைப்பான் என்பதைக் கூலியோடு பெருக்கிச் சொத்தில் சேர்ப்பார்கள்.

"அண்ணன் இன்னும் எத்தன வருஷம் வேலை செய்வாருங்க்கா?"

"இந்த வயர புடுங்கினா... ஒரு நாளு கூட... தாங்க மாட்டேன்" என்று காமராஜே பதில் சொன்னான். வருடத்துக்குக் குறைந்த அளவை டேப்லெட் ஏற்றுக்கொள்ளவில்லை. "பொருந்தாது" என்று போட்டார்கள்.

இயக்குநர் மெஷினைச் சுட்டினார். "இது யாருடையது?"

"நீங்க குடுத்தது தான சார்" என்றாள் மங்கை.

"கொடுத்தது நாங்கள். இப்போது யார் வீட்டில் இருக்கிறது?"

"எங்க ஊட்ல."

"யார் உபயோகிக்கிறார்கள்?"

"அவருதான் சார்."

"அப்படியானால் உங்கள் உபயோகச் சொத்து. அறுபத்தைந்தாயிரம்" என்றார். பிறகு அவருடைய பார்வை சங்கிலிக்கு வந்தது. "இது?"

மங்கை ராஜாம்பாளைப் பார்த்தாள். ராஜாம்பாள் சொல்லடி என்பது போல முகத்தை ஆட்டினாள்.

"எங்களுதுதான் சார்."

ஷோபனா பதிந்துகொண்டாள். நான் அந்தத் தெரு வழக்கம் தெரிந்தவன். அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளனுக்குக் கருத்துச் சொல்லும் வேலை இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது.

அங்கிருந்து ஆதிமூலத்தின் பங்களாவுக்குப் போனோம். மூன்று நாள், மூன்று முறை. கேட்டுக்கு அந்தப்பக்கம் நான்கு கார்கள் நிற்பது தெரிந்தது. மாடியில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் மூன்று முறையும் "ஐயா ஊட்ல இல்லீங்க" என்றான். மூன்றாம் முறை ஐயாவே மாடியிலிருந்து "நான் இல்லன்னு சொல்லுடா" என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினார்.

இதற்கும் பேரவை வழி வைத்திருக்கிறது. விதி நாற்பத்தொன்று: "மும்முறையும் திறவாத இல்லத்திற்கு, அதற்கு மிக அருகிலுள்ள இல்லத்தின் மதிப்பை இட்டு நிரப்புக." தமிழ் என்னுடையது. "இட்டு நிரப்புக" என்று எழுதிவிட்டு அன்றைக்கு நான் பெருமையாக ஒரு டீ குடித்தேன். மிக அருகிலுள்ள இல்லம், கேட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் இருக்கும் வாட்ச்மேனின் தகரக் கொட்டகை. ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு பானை, ஒரு பழைய ரேடியோ. டார்ச் லைட்டையும் எழுதப் போனபோது, அது முதலாளியுடையது, சேர்க்கவேண்டாம் என்று வாட்ச்மேன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். நேர்மையான மனிதன். டார்ச்சைச் சேர்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. ஏரிக்கரை நாடே அதிர்ந்துபோனதாகக் கேள்வி. இந்த வட்டாரத்து ஏழைகள் ஒன்பது லட்சம் குடும்பங்களிடம் குடும்பத்துக்கு அஞ்சு பவுன் வீதம் நாற்பத்தைந்து லட்சம் பவுன் தங்கம் இருப்பது தெரியவந்தது. ஒன்பது லட்சம் மிக்ஸி. ஒன்பது லட்சம் ஜன்னல்களில் செஞ்சிக் கோட்டை. பணக்காரர்கள் ஒன்பது லட்சம் குடும்பங்களிடமோ குடும்பத்துக்கு ஒரு கயிற்றுக் கட்டிலும் இரண்டு பானையும் ஒரு பழைய ரேடியோவும்தான் மிஞ்சியிருந்தன. அறிக்கையோடு அழைப்பிதழும் வந்தது. செஞ்சியில் பாராட்டு விழா.

விழா நாளன்று காலை, மங்கையின் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் கடிதத்தைக் கொடுத்தார்கள். "தாங்கள் வறுமையிலிருந்து வெளியேறியமைக்கு வாழ்த்துகள். கருணைப் பிரிவின் கருவி, மேலும் தேவையுள்ள குடும்பத்துக்கு மாற்றப்படுகிறது." ஒருவன் சுவிட்சை அணைத்தான். இன்னொருவன் காமராஜின் மூக்கிலிருந்து குழாயை மெதுவாக, வலிக்காமல் எடுத்தான். அந்தப் பயிற்சி அவர்களுக்கு உண்டு.

மங்கை வேனுக்குப் பின்னால் ஓடினாள். ராஜாம்பாளின் கையில் கணவனை ஒப்படைத்துவிட்டு, காலனியிலிருந்து விழா நடந்த கல்யாண மண்டபம் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவள் உள்ளே நுழைந்தபோது மெஷின் மேடையில் இருந்தது. அதற்கு மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன்.

"வறுமையை ஒழிப்பது கடினம்" என்றார் அவர். "எத்தனையோ பேர் முயன்று தோற்றுவிட்டார்கள். ஆனால் அளவையைச் செம்மைப்படுத்துவது எளிது. நாங்கள் ஆறே மாதத்தில் முடித்தோம். இந்த அறிக்கைக்குப் பதினோரு கோடி செலவு. அதை ஏழைகளுக்கே பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கொடுத்திருந்தால் ஆளுக்கு ஒரு டீ குடித்திருப்பார்கள். டீ ஜீரணமாகிவிடும். அறிக்கை நிற்கும்!"

கைதட்டல்.

"ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது அடக்கம். அது தலைகீழாகவே ஆகியிருக்கிறது. இனி நம் கவலையெல்லாம் பணக்காரர்களைப் பற்றியதுதான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் அந்த ஒன்பது லட்சம் பணக்காரர்களை யார் கைதூக்கி விடுவது? கருணைப் பிரிவு தூக்கிவிடும். இந்த மாதிரியிலேயே மிகவும் பின்தங்கிய குடும்பத்தின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன். திரு. ஆதிமூலம் அவர்கள்!"

ஆதிமூலம் ஏற்கெனவே மேடையில்தான் இருந்தார். விழாச் செலவு அவருடையது. அவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து, பட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் மெஷினைத் தொட்டு வாங்கிக்கொண்டார். "குடுக்கறத வாணான்னு சொல்லக் கூடாது" என்று மைக்கில் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

"சார்!" என்று மங்கை கத்தினாள். மண்டபம் திரும்பியது. "சார், அந்தச் சங்கிலி எங்களுது இல்ல சார். எதிர்வூட்டு ராஜாம்பா அக்காவுது. மிக்ஸியும் எங்களுது இல்ல. நாற்காலியும் இல்ல. விருந்தாளி வந்தா அப்டித்தான் சார் சொல்லுவோம். தப்புதான் சார். மெஷின குடுத்துடுங்க. அவரு மூச்சு வுட முடியாம கெடக்குறாரு."

இயக்குநர் கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி அவள் அருகில் வந்தார். இது அவரிடம் எனக்குப் பிடித்த குணம் என்று முன்பெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

"அம்மா, நீங்கள் தனி ஆள் இல்லை. ஒன்பது லட்சம் குடும்பம். உங்கள் சங்கிலியை நான் கழற்றினால் ஒன்பது லட்சம் கழுத்திலிருந்தும் கழற்றவேண்டும். நாற்பத்தைந்து லட்சம் பவுன் ஒரே நாளில் மாயமாகும். அந்தப் பெண்கள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?"

"அவங்ககிட்டயும் சங்கிலி இல்லியே சார்!"

"இருக்கிறது. அச்சாகிவிட்டது."

"சார், ஊட்டுக்கு வந்து பாருங்க சார். ஒரே ஒருவாட்டி."

"பார்த்துத்தானே அம்மா எழுதினோம்? மறு அளவை மனு ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுங்கள். தொண்ணூறு நாளில் கட்டாயம் பதில் வரும்."

ஷோபனா மனுப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெஷினை ஆதிமூலத்தின் காரில் ஏற்றினார்கள். நான் எழுந்து நின்றேன், அவ்வளவுதான் செய்தேன். அன்றைக்கு அங்கே எழுந்து நின்றவன் நான் ஒருவன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

காமராஜை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் கொஞ்சம் தேறினான். வீட்டில் மெஷின் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்றால் இங்கேயே இருக்கவேண்டும் என்றாராம். மங்கை வாயைத் திறப்பதற்குள் காமராஜ் "இருக்குது சார்" என்று முந்திக்கொண்டான். அவனுக்கு ஆஸ்பத்திரியில் சாக விருப்பமில்லை. துணைக்கு இருக்க மங்கை மில் வேலையை விட்டால் மகளின் படிப்பு நின்றுவிடும், அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ராஜாம்பாள் சங்கிலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, நாற்பதாயிரம் முன்பணம் கட்டவேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கி அதுக்குப் பொண்ணு பாக்குற வேல இல்ல, அடகு கடைக்குப் போற வேல. நீ அவன் பக்கத்துலயே இரு, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

வெண்மதிக்கு அன்றைக்குப் பரீட்சை. காமராஜ்தான் விரட்டி அனுப்பினான். மங்கை தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து உட்காரவைத்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு உதடு கறுத்தது. ஒருமுறை அவளைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டான்.

"நம்ம... பணக்காரங்கடி" என்றான். சிரிக்கப் பார்த்தான். அதற்கு மூச்சு போதவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. மூன்று மணிக்கு மெஷினோடு ஆட்டோ வந்தது. ராஜாம்பாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இதில் யார் மேலும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எல்லாம் விதிப்படி நடந்தது. விதிகளை நானே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆகவே எனக்கு உறுதியாகத் தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள் ஷோபனா என்னைக் கூப்பிட்டாள். மாதிரி வீட்டில் ஆள் கூடினாலோ குறைந்தாலோ முப்பது நாளில் பதியவேண்டுமாம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாங்க சார் என்றாள். போனோம்.

மங்கை பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. சுவரோரம் வெண்மதி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷோபனா தலையைக் குனிந்தபடியே டேப்லெட்டைத் தொட்டாள். உறுப்பினர் மூன்று என்பதை இரண்டு ஆக்கினாள். திரை முழுக்கப் பச்சையாகி, மத்தாப்பு மாதிரி என்னவோ பூப்பூவாக விழுந்தது. அவசரமாக அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாம்மா அது? இன்னா எழுதியிருக்குது?" என்றாள் மங்கை.

"ஒண்ணுமில்லக்கா."

வெண்மதி எழுந்து வந்து, டேப்லெட்டைத் திருப்பி, சத்தமாகப் படித்தாள். "இக்குடும்பத்தில் தலைக்கு உரிய செல்வம் ஐம்பது விழுக்காடு உயர்ந்துள்ளது. வாழ்த்துகள்."

"அப்டின்னா?"

"மூணு பேருக்குப் பிரிச்சத இப்ப ரெண்டு பேருக்குப் பிரிக்கிறாங்கம்மா. நைனா செத்ததால நமக்குச் சொத்து ஏறிடுச்சாம்."

மங்கை அழவில்லை. மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மில்லில் கூலி உயருமா என்று மேஸ்திரியைக் கேட்பது போல, சாதாரணக் குரலில் ஷோபனாவைக் கேட்டாள்.

"எங்க ரெண்டு பேருல இன்னும் ஒருத்தி செத்தா?"

ஷோபனா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் வராது.

"ரெண்டு மடங்கா ஏறும்க்கா" என்றாள்.